மாவுப்புழு உரைத்த தீர்ப்பு

1536ஆம் ஆண்டு, மே திங்கள் 19ஆம் நாள். இலண்டன் கோட்டைக்குள் ஒரு மேடை. அதன்மீது மண்டியிட்டவள் ஏதோ ஓர் ஏழைப் பெண் அல்லள். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர்தான் மணிமுடி சூடி, இங்கிலாந்தின் அரசியென்று ஊர்வலம் வந்தவள். ஆன் போலின் என்பது அவள் பெயர். வாள் வீழ்ந்தது, தலை சாய்ந்தது.

அவள்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் வேறு. நெறி தவறினாள் என்றனர். அரசனுக்கு எதிராகச் சதி புரிந்தாள் என்றனர். எனினும், வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை அறிவர். எட்டாம் ஹென்றியின் கையில் ஓர் ஆண்மகவை அவள் ஈன்று தந்திருந்தால், அந்த வாள் உறையிலேயே உறங்கியிருக்கக்கூடும். அவள் தந்ததோ எலிசபெத் என்னும் பெண்மகவு. ஆண்டு 1533.

அவளுக்கு முன் அரசியாய் இருந்தவள் கேத்தரின். 1509இல் மணந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவள். பிள்ளைகள் பலமுறை கருவுற்றும், உயிரோடு நிலைத்தவள் மேரி என்னும் மகள் ஒருத்தியே. அவளையும் அரசன் விலக்கினான். விலக்குவதற்கு உரோமாபுரியின் போப் இசையவில்லை என்றதும், போப்பின் ஆட்சியையே உதறினான். ஆண் வாரிசு வேண்டும் என்ற வெறி ஒரு மனைவியைத் துரத்திற்று. ஒரு நாட்டின் சமய அமைப்பையே புரட்டிற்று!

அத்தனை ஆண்டுகளில் ஒரு நாளேனும், ஒரு நொடியேனும், "மகளே பிறந்ததற்கு நாமும் காரணமாயிருக்கலாமோ?" என்று அந்த மன்னன் எண்ணினானா? எண்ணியதாக வரலாற்றில் குறிப்பில்லை. எண்ணுவதற்கு அன்று அறிவியலும் துணையில்லை. ஆணின் அகந்தையும் இடந்தரவில்லை. வேண்டாமென்று வெறுக்கப்பட்ட அந்த எலிசபெத்தே 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டு, தந்தையினும் பெரும்புகழ் ஈட்டினாள் என்பது வரலாறு செய்த கேலி.

இங்கிலாந்துக்கு மட்டும் உரியதோ இம்மடமை? அன்று, அன்று! அரண்மனையில் வாளாக வந்தது, நம் நாட்டில் சாத்திரமாகவே எழுதிவைக்கப்பட்டது. மனுநூலின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். மலடியை எட்டாம் ஆண்டிலும், பெற்ற பிள்ளைகளை இழந்தவளைப் பத்தாம் ஆண்டிலும், பெண்களையே பெறுபவளைப் பதினோராம் ஆண்டிலும் ஒதுக்கிவிட்டு வேறொருத்தியை மணக்கலாம் என்று அது வழி வகுக்கிறது. ஆண் பிறக்க வேண்டுமா? அதற்கும் வழி கூறுகிறது மூன்றாம் அத்தியாயம்: இரட்டைப்படை இரவுகளில் கூடினால் மகனாம், ஒற்றைப்படை இரவுகளில் கூடினால் மகளாம்! அடுத்தே, ஆணின் வித்து மிகுந்தால் ஆண், பெண்ணின் வித்து மிகுந்தால் பெண் என்றும் ஒரு விதி. பெண் பிறந்தால், பெண்ணின் பங்கு மிகுந்துவிட்டது என்று பொருள். ஆக, பழி எங்கே சென்று சேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

மேனாட்டு அறிஞர்களும் இருளில் துழாவியவர்களே. பண்டைக் கிரேக்கத்தில் சிலர் வலப்பக்கம் ஆணுக்கு, இடப்பக்கம் பெண்ணுக்கு என்றனர். அரிஸ்டாட்டில் வெப்பத்தைக் காரணமாகக் காட்டினார். வெப்பம் போதாமற் போனதால் நிறைவு பெறாத ஆணே பெண் என்னும் அளவுக்குச் சென்றது அவரது வாதம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. 1889இல் கெட்டீஸ், தாம்சன் என்னும் இருவர், நல்ல ஊட்டம் பெண்ணை உருவாக்கும், ஊட்டக்குறைவு ஆணை உருவாக்கும் என்று எழுதினர். 1898இல் வியன்னாவின் பேராசிரியர் ஷென்க், தாயின் உணவை மாற்றினால் ஆண்குழந்தை பெறலாம் என்று நூல் வெளியிட்டார். செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. கொள்கைகள் பல; ஆனால் பெரும்பாலானவை சென்று முடிந்த இடம் ஒன்றே. தாயின் உணவு, தாயின் உடல், தாயின் கருப்பை! குற்றவாளிக் கூண்டில் என்றும் நின்றவள் அவளே.

அந்தக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டவர் ஒரு பெண். அவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் வரலாற்றை அறியாதார் நம்மிடையே பலர். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

1861ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கேவென்டிஷ் என்னும் சிற்றூரில், ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தார் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ். உழைத்துப் பிழைக்கும் குடும்பம். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த காலம். 1880இல் பள்ளிப் படிப்பை முடித்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் வெஸ்ட்ஃபீல்டு ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, நான்கு ஆண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் தேறினார். மீண்டும் ஆசிரியப் பணி, நூலகப் பணி. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு 1896இல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. நம்மூரில் அந்த வயதுப் பெண்ணைப் பார்த்து, "இனி உனக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்கும் வாய்கள் எத்தனை!

அவர் எவர் வாயையும் பார்க்கவில்லை, நுண்ணோக்கியைப் பார்த்தார். 1899இல் இளங்கலைப் பட்டம். 1900இல் முதுகலைப் பட்டம். பின், பென்சில்வேனியாவில் பெண்களுக்கென நிறுவப்பட்ட பிரின் மார் கல்லூரி. அங்கே தாமஸ் ஹன்ட் மார்கன் என்னும் உயிரியல் அறிஞரிடம் பயின்றார். இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வு நிலையத்திலும், ஜெர்மனியில் போவெரி என்னும் பேரறிஞரிடமும் ஆய்வு முறைகளைக் கற்றார். 1903இல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது வயது நாற்பதைக் கடந்திருந்தது.

கருவுறுதல் பற்றி அந்நாளில் உலகம் அறிந்திருந்தது என்ன? பாலூட்டிகளின் சினைமுட்டையை 1827இல் ஃபான் பேர் கண்டறிந்து காட்டியிருந்தார். ஆணின் விந்தணுவினது உட்கருவும் பெண்ணின் முட்டையினது உட்கருவும் ஒன்றாய்க் கலப்பதே கருவுறுதல் என்பதை, கடல் முள்ளெலி என்னும் சிற்றுயிரைக் கொண்டு ஹெர்ட்விக் 1876இல் விளக்கியிருந்தார். உட்கருவுக்குள் நூல்போன்ற குரோமோசோம்கள் இருப்பதும் தெரிந்திருந்தது. 1891இல் ஹென்கிங் என்பவர், ஒரு பூச்சியின் விந்தணுக்களில் பாதியில் மட்டும் ஏதோ ஒரு பொருள் மிகையாக இருக்கக் கண்டு, இன்னதென்று விளங்காமல் அதற்கு "எக்ஸ்" என்று குறியிட்டார். 1902இல் மெக்கிளங் என்பவர், பாலை நிர்ணயிப்பது அதுவே ஆகலாம் என்று ஊகித்தார்; ஆனால், அது ஆணை உருவாக்கும் என்று தவறாகக் கணித்துவிட்டார். வாயிற்கதவு வரை வந்தனர், சாவிதான் கிட்டவில்லை.

அச்சாவியைத் தேடிப் புறப்பட்ட ஸ்டீவன்ஸுக்கு ஊதியம் தரும் ஆய்வுப்பணி வேண்டியிருந்தது. கார்னெகி நிறுவனம் பொருளுதவி அளித்தது. அவர் ஆய்வுக்குத் தேர்ந்தது சிங்கமன்று, யானையன்று. பழைய மாவு மூட்டைகளில் நெளியும் மாவுப்புழு! அந்தப் புழு வளர்ந்தால் ஒரு கருவண்டு. அந்த வண்டின் விதைப்பைகளைப் பிரித்தெடுத்து, மருந்திட்டுப் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, கண்ணுக்குப் புலப்படாத மென்தகடுகளாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து எண்ணினார். ஒன்றன்று, இரண்டன்று, எண்ணற்ற உயிரணுக்கள். கண் கடுக்க எண்ணினார். கண்டதைக் கண்டபடி வரைந்தார்.

விடை கிடைத்தது. பெண் வண்டின் உடல் அணுக்களில் இருபது பெரிய குரோமோசோம்கள். ஆண் வண்டின் உடல் அணுக்களில் பத்தொன்பது பெரியவை. ஒன்று மட்டும் மிகச் சிறியது. எனவே, பெண்ணின் முட்டைகள் அனைத்தும் ஒரே வகை: பத்துப் பெரியவை. ஆணின் விந்தணுக்களோ இரு வகை: பாதியில் பத்துப் பெரியவை, பாதியில் ஒன்பது பெரியவையும் ஒரு சிறியதும். முதல்வகை விந்தணு முட்டையோடு சேர்ந்தால் இருபதும் பெரியவை, அது பெண். இரண்டாம்வகை சேர்ந்தால் பத்தொன்பது பெரியவையும் ஒரு சிறியதும், அது ஆண். கணக்கு அவ்வளவே! பள்ளிச் சிறுவனும் கூட்டிப் பார்த்துவிடக்கூடிய கணக்கு. இரண்டாயிரம் ஆண்டுகளாக அறிஞர்க்கு எட்டாத கணக்கு.

அச்சிறிய குரோமோசோமையே இன்று "ஒய்" என்கிறோம். அதன் பெரிய இணையை "எக்ஸ்" என்கிறோம். தாய் தரக்கூடியது எக்ஸ் ஒன்றே. தந்தை தருவது எக்ஸாகவும் இருக்கலாம், ஒய்யாகவும் இருக்கலாம். மகளா, மகனா என்னும் வேறுபாடு தந்தைவழி வரும் வித்தில் இருக்கிறதேயன்றி, தாயின் முட்டையில் இல்லை. 1905ஆம் ஆண்டு வெளிவந்த ஸ்டீவன்ஸின் ஆய்வேடு உலகுக்கு உரைத்த செய்தி இதுவே. ஹென்றி மன்னனின் அவையில் வழங்கிய தீர்ப்பை, 369 ஆண்டுகள் கழித்து, ஒரு மாவுப்புழு மாற்றி எழுதிற்று!

அதே ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் வில்சன் என்னும் பேரறிஞரும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து, தனித்தே இம்முடிவை நெருங்கினார். ஸ்டீவன்ஸின் ஆய்வைத் தம் கட்டுரையில் குறிப்பிடவும் செய்தார். ஆயினும் வில்சன் புகழ்பெற்ற பேராசிரியர். ஸ்டீவன்ஸ் நிலையான பெரும்பதவி எதுவும் இல்லாத பெண். பாடநூல்கள் யார் பெயரை முதலில் எழுதின என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. குரோமோசோம்கள் பாலை நிர்ணயிக்கின்றன என்பதை அவருடைய ஆசிரியர் மார்கனே நெடுநாள் ஐயுற்றிருந்தார். 1910இல் பழ ஈயின் வெண்ணிறக் கண்ணை ஆராய்ந்த பின்னரே ஐயம் நீங்கினார். அந்த மார்கனுக்கு 1933இல், மரபுவழியில் குரோமோசோம்களின் பங்கை விளக்கியமைக்காக நோபல் பரிசு கிட்டியது. மார்கனின் பணி பெரும்பணியே. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், உயிரின் வெளிப்படையான ஒரு பண்பு குறிப்பிட்ட ஒரு குரோமோசோமோடு பிணைந்திருப்பதை முன்னரே கண்ணாற் கண்டு காட்டிய கை, அந்தப் பரிசு மேடையில் இல்லை. 1912ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், மார்பகப் புற்றுநோய்க்கு அவர் இரையானார். அகவை ஐம்பது. பிரின் மார் கல்லூரி அவருக்கென ஆய்வுப் பேராசிரியர் பதவி ஒன்றை அமைத்திருந்தது; அந்த நாற்காலியில் அமரும் முன்னரே மரணம் அழைத்துக்கொண்டது. அறிவியலுக்கு அவர் அளித்த காலம் பத்தே ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதற்குள் ஐம்பது வகை வண்டுகளையும், ஈக்கள், செடிப்பேன்கள் முதலானவற்றையும் ஆராய்ந்து முடித்திருந்தார்.

"புழுவுக்குப் பொருந்துவது மனிதனுக்குப் பொருந்துமா?" என்று வினவுவோர் இருப்பர். வினவட்டும்; வினவுவதே அறிவு. 1923இல் பெயின்டர் என்பவர் மனிதனிடமும் எக்ஸ், ஒய் இணை உண்டெனக் காட்டினார். 1956இல் ஜியோ, லெவன் ஆகிய இருவர் மனிதக் குரோமோசோம்கள் 46 என்று சரியாக எண்ணினர். எக்ஸ் எத்தனை இருப்பினும், ஒய் ஒன்று இருந்தால் உடல் ஆணின் வழியில் வளர்கிறது என்பது 1959இல் தெளிவாயிற்று. 1990இல், ஒய்யின்மீது அமைந்து அந்த வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணுவையே கண்டுபிடித்துவிட்டனர். நிறக்குருடும், குருதி உறையாமை நோயும் பெரும்பாலும் ஆண்களையே பற்றுவது ஏன் என்னும் வினாவுக்கு விடை கிடைத்ததும் இவ்வழியே: ஆணிடம் எக்ஸ் ஒன்றே, அது பழுதானால் ஈடுசெய்ய இன்னொன்று இல்லை. ஒரு வண்டின் விதைப்பையில் தொடங்கிய ஆய்வு, மருத்துவமனைகளின் வாயில் வரை வந்து சேர்ந்தது.

இவ்விடத்தில் நம் தோழர்களுக்கு ஒன்றை அழுத்தந்திருத்தமாகச் சொல்ல விழைகிறோம். நம் மேடைகளில் சிலர், "பெண் பிறந்தால் குற்றம் தாயுடையதன்று, தந்தையுடையதே!" என்று முழங்குகின்றனர். கைதட்டலும் கிடைக்கிறது. நோக்கம் நன்று, வாதம் நன்றன்று. குற்றவாளியை மாற்றுவதற்காகவா ஸ்டீவன்ஸ் கண் கடுக்க எண்ணினார்? எந்த விந்தணு முந்தும் என்பதைத் தந்தையும் அறியான், ஆணையிடவும் இயலாது. அது பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இரவு இரட்டைப்படையா ஒற்றைப்படையா என்று எண்ணுவதுமில்லை. காசைச் சுண்டினால் தலையோ பூவோ விழுவதுபோல, ஏறத்தாழச் சரிபாதி வாய்ப்பு. முப்பத்திரண்டு குடும்பங்களில் ஐந்து பிள்ளைகள் வீதம் பிறந்தால், அவற்றுள் ஒரு குடும்பத்தில் ஐவரும் பெண்களாய் இருப்பது இயல்பான கணக்கு. ஆறாவது பிள்ளைக்கும் அதே சரிபாதி. முன்பிறந்தோரை அது அறியாது.

இயற்கைக்கு இதில் சார்பும் இல்லை. கோழியினத்தில் கணக்கு தலைகீழ். அங்கே இருவகை வித்துத் தருவது தாய்க்கோழி. அதற்காகச் சேவல் பேட்டைத் தள்ளிவைத்து, வேறு பேடு தேடியதாகக் கேள்விப்பட்டதில்லை! ஆறறிவு படைத்ததாகப் பெருமை பேசும் மனிதனுக்கு மட்டுமே அந்த அறிவு வாய்த்தது. ஆகவே, "குற்றம் யாருடையது?" என்ற வினாவே குற்றமுடையது. பெண் பிறப்பது குற்றமன்று என்றால், குற்றவாளி எதற்கு?

ஆசிரியப் பணியிலிருக்கும் நாம், வருகைப் பதிவேட்டைப் படிக்கையில் சில வேளைகளில் "போதும்பொண்ணு" என்ற பெயரில் வந்து நிற்பதுண்டு. "உள்ளேன் ஐயா!" என்று எழுகிறாள் ஒரு சிறுமி. அவள் பிறந்த அன்றே, "இனி வேண்டாம்" என்று குடும்பம் எழுதிக்கொடுத்த விண்ணப்பத்தை வாழ்நாள் முழுதும் தன் பெயராகச் சுமக்கிறாள் அவள். அவளுடைய தாயும் அந்த வீட்டில் என்னென்ன சொற்களைச் சுமந்தாளோ! எக்ஸையும் ஒய்யையும் கரும்பலகையில் எழுதி, கட்டம் போட்டு விளக்குகிறோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்குகின்றனர். ஆனால் அந்தக் கட்டம் பள்ளி மணி அடித்ததும் கரும்பலகையோடு அழிந்துபோகிறது. வீட்டின் திண்ணை வரை நடந்து செல்வதில்லை.

அறிவு வீடு சேரவில்லை. கருவிகள் மட்டும் சேர்ந்தன. கருவிலிருக்கும் குறைகளை அறிய உதவும் ஆய்வுகள் 1970களில் இந்நாட்டுக்கு வந்தன. வந்த சில ஆண்டுகளிலேயே அவை பெண்கருவைத் தேடிப்பிடித்துக் கலைக்கும் உளவாளிகளாயின. 1988இல் மராட்டிய மாநிலம் சட்டமியற்றித் தடுத்தது. 1994இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கருத்தரிக்குமுன் பாலைத் தேர்ந்தெடுக்கும் முறைகளையும் சேர்த்து 2003இல் அது இறுக்கப்பட்டது. எனினும், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண்பிள்ளைகளுக்கு 1991இல் 945 ஆக இருந்த பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை, 2001இல் 927 ஆகக் குறைந்தது என்கிறது மக்கள்தொகைக் கணக்கு. தமிழகத்திலே, பிறந்த பெண்சிசுவைக் கொல்லாதீர், எம்மிடம் தாருங்கள் என்று 1992இல் அரசே சேலத்தில் தொட்டில் கட்ட வேண்டியிருந்தது. தொட்டில் கட்டியது அருள். கட்டவேண்டி வந்தது நாணம்.

ஏன் இந்த முரண்? ஷென்க்கின் உணவு முறையும், மனுவின் இரவுக் கணக்கும் பொய்த்த பின்னரும், பெண்சிசுவின்மீதான வெறுப்பு மட்டும் பொய்க்காதது ஏன்? நாம் கருதுவது இது: அறியாமை மட்டுமே காரணமாயிருந்தால், 1905இன் அறிவே மருந்தாகியிருக்கும். மகளென்றால் வரதட்சணைச் செலவு, மகனென்றால் வரவு என்று பேரேடு எழுதும் சமுதாயம், அறிவியல் தரும் எந்த விளக்கையும் கள்ளன் கையிலிருக்கும் விளக்காகவே ஆக்கும். நுண்ணோக்கி காட்டியது உண்மை. அதற்குமேல் செல்ல வேண்டியது மனிதர் கடமை. சொத்தில் சம உரிமை, வரதட்சணையற்ற மணம், மகளின் கல்விக்கும் மகனின் கல்விக்கும் ஒரே அளவுகோல் - இவை வந்தாலன்றி அந்தப் பேரேடு கிழிபடாது.

நெட்டி ஸ்டீவன்ஸ் மறைந்து நூறாண்டுக்கு மேலாகிறது. 1994இல் அவர் நாட்டார் தங்கள் புகழ்மிக்க மகளிர் வரிசையில் அவர் பெயரைப் பொறித்தனர். காலம் தாழ்ந்த சிறப்பு, எனினும் சிறப்பே. நம் நாட்டில் அவருக்குச் சிலை வேண்டாம், மாலை வேண்டாம். இளைஞர்களே! உங்கள் தெருவில் மூன்றாவது பெண் பிறந்ததென்று முகம் சுளிக்கும் வீடு ஒன்று இருந்தால், அங்கே செல்லுங்கள். தாயைப் பழிக்கும் மாமியாரிடம் அந்த மாவுப்புழுவின் கணக்கைச் சொல்லுங்கள். தந்தையைப் பழிக்கப் புறப்படும் நண்பரிடமும் அதே கணக்கைச் சொல்லுங்கள். பின்னர், தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு ஒரு நல்ல பெயர் வைக்கச் சொல்லுங்கள். "போதும்" என்று பொருள்படாத ஒரு பெயர்; பள்ளியில் எழுந்து நின்று, தலைநிமிர்ந்து சொல்லத்தக்க ஒரு பெயர்.